அந்த 21 நாள் கணக்கை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை

போன வருடம் பங்குனியில் எனக்குப் பாரிசவாதம் வந்தது. வயது 61. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தனியாக இருக்கிறேன். கணவர் இல்லை, மகன் ரொறன்ரோவில், தங்கச்சி லண்டனில். பாரிசவாதம் ஒருமுறை வந்தால் திரும்பவும் வரலாம், கவனமாக இருங்கோ என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வராமல் தடுக்கத் தந்த குளிசைகளில் எதை எவ்வளவு காலம் போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்து விளக்க பத்து மாதமாக ஒருவரும் கிடைக்கவில்லை. அந்தப் பத்து மாதத்தில் நான் இரண்டு தரம் சாவின் வாசல் வரை போய் வந்தேன். என்னைப் போல வீட்டில் தனியாக இருந்து மருந்து போடுகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அன்று காலை ஐந்து மணிக்கு எழும்பித் தேநீர் குடித்தேன், ஒரு குறையும் இருக்கவில்லை. ஐந்தரை போல இடியப்பத்துக்குச் சொதி வைக்கத் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். இடது கையிலிருந்த தேங்காய்ப் பாதி நழுவி உருண்டு அடுப்படி வாசல் வரை போனது. எடுத்து வந்து பிடித்தேன், மறுபடியும் நழுவியது. விரல்கள் தேங்காயைச் சுற்றி மடிகின்றன, ஆனால் பிடி இல்லை. இரவு கையை மடக்கிப் படுத்ததால் விறைத்துவிட்டது என்று நினைத்து, எண்ணெய் தடவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கூப்பிட்டபோது நான் சொன்ன பதில் அவளுக்கு விளங்கவில்லை. என் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்து அவள்தான் 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது 11.40.

மூளையின் இரத்தக்குழாயில் கட்டி அடைத்து வரும் பாரிசவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கும் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். நேரத்தோடு வந்திருந்தால் எனக்கு அது தேவையா என்றாவது பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர். நான் ஐந்து மணித்தியாலத்தைக் கட்டிலில் கழித்திருந்தேன். முகம் கோணினால், கை தூக்க இயலாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேட வேண்டாம், படுக்க வேண்டாம், உடனே 1990. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.

எனக்கு வந்தது சின்னது என்றார்கள். ஆறு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். இடது கை மெல்ல மெல்லத் திரும்பியது. கையில் தந்த அட்டையில் ஐந்து மருந்து: இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினும் குளோபிடோக்ரலும், கொழுப்புக்கு அட்டோவாஸ்டாட்டின், பிரஷருக்கு லோசார்டனும் அம்லோடிபினும். அஸ்பிரினுக்கு நேரே கிறுக்கலான ஆங்கிலத்தில் 21 நாள் என்று எழுதியிருந்ததாம். நான் வாசிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தியவள், என் அட்டையை ஒரு தரம் உற்றுப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷத்தில் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்தேன். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த நேர்ஸுக்கு முன்னால் என்னைப் போல இன்னும் ஒன்பது பேர் மருந்துத் துண்டோடு நின்றார்கள்.

முதல் மாதக் குளிசை முடிந்ததும் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு பாமசியில் பழைய துண்டைக் காட்டி ஐந்தையும் வாங்கினேன். அடுத்த மாதமும் அதுதான். பிறகு கிளினிக்கில் கூட்டம் அதிகமான ஒரு நாளில் பழைய மருந்துகளையே பார்த்துப் புதுத் துண்டில் எழுதித் தந்தார்கள், அஸ்பிரினும் சேர்ந்து வந்தது. இப்படி எட்டு மாதம். இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து இரண்டையும் சேர்த்துப் போடுவது சின்னப் பாரிசவாதத்துக்குப் பிறகு முதல் சில கிழமைக்குத்தான், ஏனென்றால் திரும்ப வரும் ஆபத்து அப்போதுதான் அதிகம். அதன் பிறகும் இரண்டையும் தொடர்ந்தால் கிடைக்கும் நன்மையை விட இரத்தம் கசியும் ஆபத்துக் கூடிவிடும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது, கையில் ஏதும் முட்டினால் நீலம் பிடிக்கிறது. வயசுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அது வயசு இல்லை, உடம்பு தந்த அறிவித்தல்.

இதற்குள் நானாகச் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆடி மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், கொழுப்புக் குளிசை ஈரலைத் தின்றுவிடும் என்றார். அன்றோடு அட்டோவாஸ்டாட்டினை நிறுத்தினேன். முழங்கால் உளைவுக்குத் துண்டு இல்லாமலே டைக்குளோபினாக் வாங்கிப் போட்டேன், கிழமையில் மூன்று நாலு நாள். தங்கச்சி லண்டனிலிருந்து அனுப்பிய, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பரசிற்றமோல் குளிசைகளையும் சோடா குடிப்பது போலக் குடித்து வந்தேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம், இரவில் பாலும் பழமும் மட்டும். விரதத்தில் வெறும் வயிற்றில் குளிசை வேண்டாம் என்று பிரஷர்க் குளிசையை விட்டேன். ஆனால் கோயிலில் நிலத்தில் இருந்து எழும்ப முழங்கால் விடவில்லை என்று டைக்குளோபினாக்கை மட்டும் அதே வெறும் வயிற்றில் போட்டேன். இப்போது எழுதும்போதும் வயிறு பிசைகிறது.

சஷ்டி முடிந்து ஐந்தாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், இதை யாரிடம் சொல்வது என்ற கூச்சம். மூன்றாம் நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தேன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். மூன்று நாளைக்கு 74,000 ரூபா. மகன் அனுப்பினான், ஆனால் அது அவன் ஊருக்கு வரச் சேர்த்துவைத்த டிக்கெட் காசு. அஸ்பிரின் ஒன்று சில ரூபாதான். அந்தச் சில ரூபாக் குளிசையை 21 நாளில் நிறுத்தாததும், மேலே டைக்குளோபினாக்கைச் சேர்த்ததும்தான் அவன் வருகையை ஒரு வருடம் தள்ளிப்போட்டது.

மலம் கறுப்பாகப் போவதை ஒருபோதும் பிந்த விடாதீர்கள். இரத்தம் உறையாத மருந்து போடுகிறவருக்கு அது உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம். வெட்கப்பட்ட அந்த இரண்டு நாள் எனக்கு உயிரையே விலையாகக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு விடும்போது அஸ்பிரின் இனி வேண்டாம், குளோபிடோக்ரலை மட்டும் இந்தத் திகதியில் திரும்பத் தொடங்குங்கோ, புண்ணுக்கு ஒமெப்ரசோல் போடுங்கோ என்றார்கள். எனக்கோ குளிசை என்றாலே பயம். இரத்தத்தை ஓட வைக்கும் மருந்துதான் என்னைக் கொல்லப் பார்த்தது, அதை ஏன் தொட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு டின்னுக்குள் போட்டு மூடினேன். பதினோராம் நாள் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறேன். பேரனின் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன், பெயர் வரவில்லை. வேறு ஏதோ சத்தம் வருகிறது. மகன் அங்கே 'அம்மா, அம்மா' என்று கத்துகிறான், நான் அவனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், எனக்கு எல்லாம் விளங்குகிறது, ஒரு சொல் வெளியே வரவில்லை. இருபது நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதுதானே என்று இருக்கக் கூடாது. இப்படி வந்து போவது பெரியது ஒன்று வரப்போகிறது என்ற எச்சரிக்கை, முதல் சில நாளுக்குள் ஆபத்து மிக அதிகம். இந்த முறை மகன் விடவில்லை, ரொறன்ரோவில் இருந்துகொண்டே பக்கத்து வீட்டுக்கு அடித்து என்னை ஏற்றினான்.

அந்தத் தடவை பார்த்த டொக்டர்தான், 'உங்கட பிரச்சினை வருத்தம் மட்டும் இல்லை, மருந்தும்தான்' என்று சொல்லி, அவர் கிளினிக்கோடு சேர்த்து மருந்தாளர் ஒருவர் கிழமைக்கு ஒரு நாள் நடத்தும் இடத்துக்கு அனுப்பினார். மருந்தாளர் என்றால் கவுண்டருக்குப் பின்னால் நின்று குளிசை எண்ணித் தருபவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தங்கச்சியிடம் சொன்னபோது, லண்டனில் இதற்கென்று தனியாகப் படித்துத் தகுதி பெற்ற மருந்தாளர்கள் தாங்களே மருந்துத் துண்டு எழுதுவார்கள், பிரஷர் கிளினிக்கும் நடத்துவார்கள் என்றாள். இங்கே அப்படி இல்லை, துண்டை எழுதுவது டொக்டர்தான். ஆனால் என் மருந்து முழுவதையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த முதல் ஆள் அந்த மருந்தாளர்ப் பிள்ளைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.பாம் படித்த பிள்ளை, வயது முப்பது இருக்கும். முதல் நாளைக்கு முன்பே போன் எடுத்து, 'வீட்டில இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கோ அம்மா. முடிஞ்சது, பழசு, கசாயம், எண்ணெய், லண்டனால வந்தது, ஒண்டையும் விடாதேங்கோ' என்றா. நான் பிஸ்கட் டின்னை அப்படியே கொண்டுபோனேன். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதில் கொட்டினா. கடதாசி உறைகள், பாதி வெட்டிய அட்டைகள், பெயர் அழிந்த ஒரு போத்தல். ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் மூன்று குவியலாக வைத்தா: போட வேண்டியது, போடக் கூடாதது, கேட்க வேண்டியது. ஒரே அட்டோவாஸ்டாட்டின் இரண்டு கம்பனிப் பெயரில் இரண்டு நிறத்தில் என்னிடம் இருந்தது. நிறுத்தாமல் இருந்திருந்தால் இரண்டையும் போட்டிருப்பேன். பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்க்க வேண்டாம், அதன் கீழே சின்னதாக உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கோ என்று அன்று பழக்கினா. துண்டு மாறும்போதெல்லாம் இன்றுவரை அதைத்தான் செய்கிறேன்.

அவ கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். 'ஒழுங்காப் போடுறியளோ' என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வோம். அவ கேட்டது, 'ஒரு கிழமையில எத்தனை நாள் விடுபடும்?' என்று. விடுபடுவது சாதாரணம் என்பது போலக் கேட்டபடியால் உண்மை தானாக வந்தது. நிறுத்தினதையும், டைக்குளோபினாக்கையும், விரதத்தையும் சொன்னேன். ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. அழுதுவிட்டேன். எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, 'ரீச்சர், நீங்கள் சொன்னபடியாத்தான் நான் ஏதும் செய்யலாம்' என்றா. நாற்பது நிமிடம் இருந்தோம். நான் பத்து மாதத்தில் எல்லா இடமும் சேர்த்துக் கூட அவ்வளவு நேரம் என் மருந்தைப் பற்றி யாரோடும் பேசியிருக்க மாட்டேன்.

அன்று வெளிவந்தவை இவை. குளோபிடோக்ரல் உடம்பில் வேலை செய்யும் மருந்தாக மாறுவதை ஒமெப்ரசோல் குறைத்துவிடும், அதனால் புண்ணுக்குப் பன்டோப்ரசோல் தரலாமா என்று டொக்டருக்கு ஒரு குறிப்பு எழுதினா, அன்றே மாற்றினார். டைக்குளோபினாக் பிரஷரையும் ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும், பாரிசவாதம் வந்தவருக்கு அது ஆகாது, முழங்காலுக்குச் சாதாரண பரசிற்றமோலைக் கணக்காகப் போடலாம். ஆனால் லண்டனிலிருந்து வந்த கரையும் குளிசை வேண்டாம், நுரைக்க வைப்பது சோடியம், இரண்டு மூன்று தரம் குடித்தாலே அன்றைய உப்பில் பெரும் பங்கு போய்விடும். உணவில் உப்பைக் குறைக்கிறேன் என்று கருவாட்டையும் மோர் மிளகாயையும் விட்டவள் நான், உப்பை வேறு வழியால் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், பாணிலும் மிக்சரிலும் உள்ளதும் இதில் அடக்கம். மூக்கடைப்புக்கு வாங்கும் சில தடிமன் குளிசைகளும் பிரஷரை ஏற்றும், கேட்காமல் வாங்க வேண்டாம் என்றா. கொழுப்புக் குளிசை ஈரலைத் தின்பதில்லை, இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், தசை நோவு கடுமையாக வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே வாங்கோ என்றா. கைதடிப் பக்கம் வாங்கிய எண்ணெயைப் பூசுவதில் அவவுக்குப் பிரச்சினை இருக்கவில்லை, குடிக்கும் கசாயத்துக்கு மட்டும் என்னென்ன சேர்ந்தது என்று எழுதி வரச் சொன்னா. என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணினா. துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடினால் இதயத்தில் கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம், அதற்கு வேறு வகை மருந்து வேண்டும் என்பதால். எனக்கு ஒழுங்காக இருந்தது, பிறகு எடுத்த ஈசிஜியும் சரி.

பிரஷர் பார்த்த முறைதான் எனக்கு மிகப் புதிது. வந்தவுடன் பட்டியைச் சுற்றவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வைத்தா. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து இரண்டு கையிலும் பார்த்தா. கூடின கை வலது, 164/92. இனி எப்போதும் வலது கையில்தான். வீட்டுக்கு மேற்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம் என்றா. கிளினிக்குக்கு முந்தின ஏழு நாள் காலை இரண்டு தரம், மாலை இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளியில், வந்ததை வந்தபடி கொப்பியில் எழுத வேண்டும். கூடின எண்ணை மறைத்து நல்ல எண்ணை மட்டும் எழுதினால் ஏமாறுவது நாங்கள்தான். டொக்டர் எனக்கு வைத்த இலக்கு 130/80-க்குக் கீழே, கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே. தொடங்கும்போது என் கொழுப்பு 142. மூன்று மாதத்தில் 66. பிரஷர் போன மாதக் கணக்கில் 126/76 அளவில் நிற்கிறது. நடுவில் லோசார்டனை ஒருமுறை கூட்டினார்கள், அதற்குப் பிறகு சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

என் பக்கத்தில் இருந்து காத்திருந்த ஐயா ஒருவர், இரத்தம் உறையாமல் வைக்கும் இன்னொரு மருந்தான வார்பரின் போடுகிறவர். அந்த மருந்துக்குக் கீரை ஒத்துவராது என்று அவர் கீரை முழுவதையும் விட்டுவிட்டாராம். அவ அவருக்குச் சொன்னதும் காதில் விழுந்தது: 'முருங்கை இலையை விட வேண்டாம் ஐயா, ஒரு கிழமை சட்டி நிறையவும் அடுத்த கிழமை ஒண்டும் இல்லாமலும் சாப்பிடாதேங்கோ. ஒரே அளவாச் சாப்பிடுங்கோ, இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் வாங்கோ.' என் குளோபிடோக்ரலுக்கு அந்தக் கீரைக் கணக்குக் கிடையாது. மருந்துக்கு மருந்து சட்டம் வேறு, அடுத்தவரின் சட்டத்தை எடுத்து நாங்கள் போடக் கூடாது.

இப்போது என் பேர்ஸில் நாலாய் மடித்த ஒரு தாள் இருக்கிறது. மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, எதுவரை. அந்தக் கடைசி நிரல்தான் எனக்கு இல்லாமல் போனது. எந்தப் புதுக் குளிசை தந்தாலும் 'இது எதுவரைக்கும்?' என்று கேட்டு அதில் எழுதுவிக்கிறேன். 'சாகும் வரை' என்றால் அதையும் எழுதுங்கோ என்பேன். பல் டொக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறேன். பல் பிடுங்கக் குளோபிடோக்ரலை நானாக நிறுத்தக் கூடாது, அவரும் எங்கள் டொக்டரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். காலை மறந்த குளிசை பின்னேரம் ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம், அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தால் இரட்டிப்பாய்ப் போடக் கூடாது. ஞாயிறு இரவு ஏழு நாள் பெட்டியை நிரப்பிவைத்தால் போட்டேனா இல்லையா என்ற யோசனையே இல்லை. துண்டை மாதக் கடைசி வரை வைத்திராமல் மருந்தை ஒரு கிழமைக்கு முந்தியே வாங்கிவிடுங்கள். 2022-இல் மருந்துக்கு நாங்கள் அலைந்த அலைச்சலைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இப்படி ஒரு கிளினிக் கிட்ட இல்லாதவர்கள், நீங்கள் மருந்து எடுக்கும் பாமசியில் பதிவுள்ள மருந்தாளர் யார் என்று கேட்டு, கூட்டம் குறைந்த மத்தியான நேரம் பார்த்துப் பையோடு போங்கள். ஐந்தாறு நிமிடம் தருவார்கள். பல பாமசிக்கு மாறி மாறிப் போகாமல் ஒரே இடத்தில் எடுத்தால் உங்கள் மருந்து முழுவதும் ஒருவர் கண்ணிலாவது படும்.

இந்த வருடமும் சஷ்டி வருகிறது. போன கிழமை கிளினிக்கில் பயந்து பயந்து கேட்டேன், விரதம் பிடிக்கலாமா என்று. வேண்டாம் என்றுதான் சொல்வா என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, 'சீனி வருத்தம் இருக்கிறவைக்கு வேற கதை, உங்களுக்கு அது இல்லை. ஆனால் போன வருஷம் புண் வந்த வயிறு, டொக்டரிட்டைக் கேட்டிட்டுச் சொல்றன்' என்றா. அடுத்த நாள் போன் வந்தது. முழு விரதம் வேண்டாம், மத்தியானம் ஒரு நேரம் சோறு, இரவு பாலும் பழமும். பிரஷர்க் குளிசையும் குளோபிடோக்ரலும் காலையில் தண்ணீரோடு, ஒரு நாளும் தவறாமல். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் அன்றே விரதத்தை விட்டுவிட்டு அவவுக்குப் போன் அடிக்க வேண்டும். எங்கள் கோயில் ஐயாவிடமும் கேட்டேன், தண்ணீரும் மருந்தும் விரதத்தை முறிக்காது பிள்ளை என்றார். சஷ்டி ஆறு நாளுக்கும் பெட்டியை இப்போதே நிரப்பிச் சாமியறைப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன், காலை விளக்கேற்றும்போது கண்ணில் படும்.